மேலே எது, நடுவே எது: ஜிப்பைத் திறந்து அடுக்கை மாற்றும் லேடெக்ஸ் மெத்தை

மெத்தைக் கடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, விற்பனையாளர் தலைமாட்டில் நிற்க, கூரையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் மல்லாந்து கிடக்கிறோம். எழுந்து "நல்லாத்தான் இருக்கு" என்கிறோம். அடுத்த பத்து வருஷம் அதன்மேல்தான் படுக்கப்போகிறோம். வீட்டில் யாரும் அப்படிக் கூச்சத்தோடு, சட்டை கசங்காமல் தூங்குவதில்லை. ஒருக்களித்து, ஒரு காலை மடக்கி, தலையணையில் பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் தூங்குகிறோம். கடையில் சொகுசாகத் தெரிந்த மெத்தை வீட்டுக்கு வந்ததும் தோளைக் குத்துகிறது. இல்லையென்றால் இடுப்பு பள்ளத்தில் இறங்குகிறது. பிரித்த மெத்தையைத் திரும்ப எடுக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது தனிக் கதை.

அடுக்குகளை நாமே மாற்றிக்கொள்ளும் லேடெக்ஸ் ஹைப்ரிட் மெத்தை இந்தச் சிக்கலுக்கு ஒரு பதில். அமெரிக்காவில் நேச்சர்பெடிக், ஸ்லீப் ஈஸி போன்ற நிறுவனங்கள் இந்த வகையை வெகுகாலமாக விற்கின்றன. நம்மூரிலும் லேடெக்ஸ் ஷீட்டை இன்ச் கணக்கில் வெட்டித் தரும் வியாபாரிகள் இருப்பதால், பாக்கெட் ஸ்பிரிங் யூனிட்டையும் ஜிப் வைத்த உறையையும் சேர்த்து அதே அமைப்பைப் பெறமுடிகிறது. நான் சென்னையில் படுத்துப் பார்த்ததும் அப்படி ஒன்றுதான். 78-க்கு 60 இன்ச், குயின் அளவு. அடியில் 6 இன்ச் உயரப் பாக்கெட் ஸ்பிரிங். அதன்மேல் தலா 2 இன்ச் கனத்தில் மூன்று லேடெக்ஸ் ஷீட்டுகள்: ஃபர்ம், மீடியம், சாஃப்ட். எல்லாவற்றையும் சுற்றி நான்கு பக்கமும் ஜிப் ஓடும் பருத்தி உறை. எதையும் பசை போட்டு ஒட்டவில்லை. மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

முதலில் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றிக் கொஞ்சம். லேடெக்ஸ் என்பது ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் போனால் விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டிச் சிரட்டையில் பிடிப்பதைப் பார்க்கலாம். அந்தப் பாலை அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றி, ரப்பர் சுமார் 60 சதவீதம் இருக்கும்படி கெட்டியாக்குகிறார்கள். நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, கந்தகம் சேர்ந்த கலவையை நீராவியில் வேகவைத்தால் டன்லப் முறை லேடெக்ஸ். 1929-இல் பர்மிங்ஹாமில் டன்லப் நிறுவனத்தில் இ.ஏ. மர்ஃபி என்பவர் கண்டுபிடித்த முறை இது. தலாலே முறையில் அச்சைப் பாதிதான் நிரப்புவார்கள். காற்றை உறிஞ்சி நுரையை விரியவைத்து, உறையவைத்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, பிறகு வேகவைப்பார்கள். டன்லப்பில் கனமான துகள்கள் அடியில் படிய வாய்ப்புண்டு, அதனால் ஷீட்டின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் சற்றே கெட்டியாக இருக்கும். தலாலே எல்லாப் பக்கமும் ஒரே சீராக வரும், விலையும் அதிகம். நம்மூரில் கிடைப்பது பெரும்பாலும் டன்லப். நான் பார்த்ததும் அதுவே.

ஷீட் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும் ஓட்டைகளைக் காட்டி "காத்தோட்டத்துக்கு சார்" என்பார்கள். காற்று போவது உண்மைதான். ஆனால் அவை முதலில் அச்சிலுள்ள உலோகக் குச்சிகள் விட்டுப்போன தடங்கள். கனமான நுரையின் நடுப்பகுதிவரை வெப்பம் போய் வேகவேண்டும் என்பதற்காக வைத்த குச்சிகள் அவை.

எது ஃபர்ம், எது சாஃப்ட் என்பதைக் கடைக்காரர் வாயால் மட்டும் நம்ப வேண்டியதில்லை. இங்கே டென்சிட்டி கணக்கில்தான் விற்கிறார்கள்: 65 என்றால் சாஃப்ட், 80 மீடியம், 90-க்கு மேல் ஃபர்ம். ஒரு கனமீட்டருக்கு எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். குயின் அளவில் 2 இன்ச் ஷீட்டின் கன அளவு 0.153 கனமீட்டர். ஆக, 65 டென்சிட்டி ஷீட் சுமார் 10 கிலோ இருக்கவேண்டும். 80 என்றால் 12 கிலோவுக்குச் சற்று மேல். 95 என்றால் பதினான்கரை. ஷீட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிட்டால் முடிந்தது. கணக்கு இடித்தால் கேள்வி கேளுங்கள். எடை சரியாக இருந்தும் அழுத்தினால் மந்தமாக எழும்பி, விளிம்பில் கிள்ளினால் பொடியாக உதிர்கிறது என்றால், சுண்ணாம்புத் தூள் மாதிரி ஏதோ நிரப்பிக் கனத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வெளிநாட்டுத் தயாரிப்புகளில் ஐ.எல்.டி. என்று வேறொரு எண் போடுவார்கள். 50 சதுர இன்ச் வட்டத் தட்டை வைத்து நுரையை அதன் கனத்தில் கால்வாசி அமுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பது அது. கடினத்தை நேரடியாகச் சொல்வது இந்த எண்தான். டென்சிட்டி என்பது ஒரே தயாரிப்பாளரின் சரக்குக்குள் ஒப்பிட மட்டும் உதவும்.

இப்போது ஜிப்பைத் திறப்போம். தனி ஆளாக இதைச் செய்ய நினைக்காதீர்கள். லேடெக்ஸ் ஷீட்டுக்கு விறைப்பே கிடையாது. தூங்கிப்போன பிள்ளையைத் தூக்குவது போலக் கைக்குள் நிற்காமல் எல்லாப் பக்கமும் வழியும். ஓரத்தை மட்டும் பிடித்து இழுத்தால் ஓட்டை வரிசையில் கிழியும். அடியிலிருக்கும் ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு நகரவும் நகராது. அந்த ஒட்டும் குணத்தால்தான் பசையில்லாமலே அடுக்குகள் இரவில் வழுக்காமல் நிற்கின்றன என்பதால், இடையில் துணி எதுவும் விரிக்கவேண்டாம். கால்மாட்டிலிருந்து பாதிவரை மடித்து, இரண்டு பேராக அடியில் கைவிட்டுத் தூக்கி, புது இடத்தில் மடிப்பை விரிப்பதுதான் சரியான வழி. இந்த மாடலில் ஜிப்பின் இரு முனைகளும் ஒரு மூலையில் சந்திக்கின்றன. அந்த மூலையில் மூன்று ஷீட்டையும் உள்ளே அமுக்கியபடி ஜிப்பை இழுப்பதற்கு மூன்றாவது கை தேவைப்படுகிறது.

அடுக்கின் வரிசைதான் இந்த விமர்சனத்தின் சாரம். தயாரிப்பாளர் அனுப்பிய வரிசை, கீழிருந்து: ஸ்பிரிங், ஃபர்ம், மீடியம், சாஃப்ட். இதை மாற்றும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, "நல்லா இருக்கா, இல்லையா" என்ற கேள்வி போதாது. என் எடை 80 கிலோவுக்குச் சற்று மேல், மனைவி 50-ஐ ஒட்டி. ஒருவருக்கு நல்லா இருப்பது இன்னொருவருக்கு இருக்காது. அதனால் ஒரு எளிய சோதனை வைத்துக்கொண்டோம். இறுக்கமான பனியன் போட்டு, முதுகுத்தண்டின் மேல் கழுத்திலிருந்து இடுப்புவரை ஸ்டிக்கர் பொட்டுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு, ஒருக்களித்துப் படுக்கவேண்டும். இன்னொருவர் பின்னாலிருந்து, மெத்தை மட்டத்தில் போனை வைத்துப் படம் எடுக்கவேண்டும். பொட்டுகள் நேர்கோட்டில் இருந்தால் சரி. இடுப்புப் பக்கம் கோடு தொய்ந்தால் நடு அடுக்கு இளகியது. தோள் பக்கம் மேலே தூக்கினால் மேல் அடுக்கு கடினம். மல்லாந்து படுப்பவர்கள் இடுப்புக்கு மேலே முதுகு வளையும் இடத்தில் உள்ளங்கையை நுழைத்துப் பார்க்கலாம். கை சும்மா போய்வந்தால் மெத்தை கடினம், நுழையவே இல்லையென்றால் இளக்கம், லேசாக உரசிக்கொண்டு போனால் பொருத்தம்.

தயாரிப்பாளரின் வரிசையில் மனைவியின் பொட்டுகள் அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி நின்றன. என்னுடையவை இடுப்பில் தெளிவாகத் தொய்ந்தன. சாஃப்டும் மீடியமும் சேர்ந்த 4 இன்ச் இளக்கத்தில் கனமான இடுப்பு தோளைவிட ஆழமாக இறங்கிவிடுகிறது. இந்த நிலையில் பெரும்பாலோருக்குத் தோன்றுவது ஒன்றே: முதுகு வலிக்கிறது, கடினமான ஷீட்டை எடுத்து மேலே போடு. அதையும் செய்தோம். இடுப்பு நிமிர்ந்தது உண்மை. ஆனால் தோள் உள்ளே போக இடமில்லாததால் மேல்கை மரத்துப்போகிறது, விடியும்வரை புரண்டுகொண்டே இருக்கவேண்டியதுதான். "இதுக்கு எங்கம்மா வீட்டுப் பாயே தேவலாம்" என்று இரண்டாம் இரவே தீர்ப்பு வந்துவிட்டது.

வேலை செய்தது வேறு மாற்றம். சாஃப்ட் மேலேயே இருக்கட்டும். அதற்கு அடியிலிருந்த மீடியத்தை எடுத்து ஸ்பிரிங்கின் மேல் போட்டு, ஃபர்மை நடுவுக்குக் கொண்டுவருவது. தோளுக்கு 2 இன்ச் இளக்கம் அப்படியே இருக்கிறது. இடுப்பு அந்த 2 இன்ச்சைத் தாண்டி இறங்கப் பார்க்கும்போது ஃபர்ம் தடுத்துவிடுகிறது. படத்தில் கோடு நேரானது. ஒரே மூன்று ஷீட், ஒரே ஸ்பிரிங். வாங்கியது எதுவும் கூடவில்லை.

இதற்குக் காரணம் எளிது. மேலே வைத்த எடை கீழே இறங்க இறங்கப் பரவுகிறது. மேல் ஷீட்டைத் தோள் எலும்பு நேராகக் குத்துகிறது. நடு ஷீட்டுக்கு அது சற்று அகலமான அழுத்தமாகப் போய்ச் சேர்கிறது. ஸ்பிரிங்கை அடையும்போது உடம்பின் உருவமே மங்கிப்போய் வெறும் பாரம்தான் தெரிகிறது. ஆகவே மேல் ஷீட்டை மாற்றினால் தோலுக்குத் தெரியும், நடு ஷீட்டை மாற்றினால் முதுகுத்தண்டுக்குத் தெரியும், ஸ்பிரிங்கை ஒட்டிய ஷீட்டை மாற்றினால் கவனித்தால்தான் தெரியும். ஒன்று மட்டும் விதிவிலக்கு. பாக்கெட் ஸ்பிரிங்கின் பெருமையே ஒவ்வொரு சுருளும் தன் துணிப்பைக்குள் தனியாக அமுங்குவதுதான். ஃபர்ம் ஷீட்டை அதன்மேல் நேராக வைத்தால் பாலம் போட்டதாகி, சுருள்கள் எல்லாம் கூட்டமாக அமுங்குகின்றன. மீடியமோ சாஃப்டோ வைத்தால் அந்தத் தனித்தனி அசைவு மேலே வருகிறது, துள்ளலும் சற்றுக் கூடுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டால் தெரியும் அளவும் கூடவே கூடுகிறது.

கடினமான மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரோடியது. பலகையில் படுக்கச் சொன்ன டாக்டர்கள் ஒரு தலைமுறைக்கே அதை ஊட்டிவிட்டார்கள். 2003-இல் லான்செட் இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, நாள்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரை இரண்டாகப் பிரித்துக் கடின மெத்தையிலும் நடுத்தரக் கடின மெத்தையிலும் 90 நாள் படுக்கவைத்தது. வலியும் அன்றாட முடக்கமும் அதிகம் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். இடுப்புக்குத் தாங்கலும் தோளுக்கு இளக்கமும் சேர்ந்து தேவை என்பதற்கு என் பொட்டுப் படங்களைவிட அது வலுவான சாட்சி.

அடுக்கை மாற்றுபவர்கள் மறந்துபோவது தலையணையை. மேலே இளகிய ஷீட் இருந்தால் தோள் உள்ளே போகிறது, தோளுக்கும் தலைக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது, பழைய தலையணை உயரமாகிவிடுகிறது. கழுத்து பிடித்துக்கொள்ளும். பழி மெத்தைமேல் விழும். மேல் அடுக்கை மாற்றிய அன்றே தலையணை உயரத்தையும் பார்த்துவிடவேண்டும். பஞ்சு கூட்டிக் குறைக்கக்கூடிய தலையணை இருந்தால் நல்லது. இன்னொன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மூன்று வாரம் இடம் கொடுங்கள். பழைய பள்ளத்துக்குப் பழகிய உடம்பு முதல் சில நாள் எதைக் கொடுத்தாலும் முனகும். இரவு 2 மணிக்கு எழுந்து ஜிப்பைத் திறக்கும் ஆசை வரும். திறக்காதீர்கள்.

எடையில் வித்தியாசமுள்ள தம்பதிகளுக்கு ஷீட்டை நீளவாக்கில் பாதியாக, 30 இன்ச் அகலத்தில் இரண்டாக, வெட்டித் தருகிறார்கள். மூன்று அடுக்கையும் அப்படி வெட்டுவது தேவையில்லாத செலவு. நடுவில் ஒரு கோடு தெரியும், இரு பக்கமும் வேறு வேறு வரிசை என்றால் லேசான படியும் விழும். ஸ்பிரிங்குக்கு மேலேயுள்ள இரண்டு ஷீட்டுகளை மட்டும் பிளந்து, மேலேயுள்ள சாஃப்டை முழு ஷீட்டாக விட்டோம். என் பக்கம் நடுவே ஃபர்ம், மனைவி பக்கம் நடுவே மீடியம். கோடு கைக்குக்கூடத் தட்டுப்படவில்லை. பாதி ஷீட் என்பதால் எடையும் ஆறேழு கிலோதான், ஒரே ஆள் தூக்கலாம்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, ஓரம். ஸ்பிரிங் யூனிட்டைச் சுற்றிச் சாதாரண ஃபோம் சட்டம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் 6 இன்ச் லேடெக்ஸுக்குப் பக்கவாட்டில் பிடிமானமே இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து பேன்ட் மாட்டினால் வழுக்கிக்கொண்டே போகிறோம். இரண்டாவது, உயரம். 16 இன்ச் கட்டிலில் இதைப் போட்டால் 28 இன்ச் ஆகிறது. மூட்டுவலி உள்ள பெரியவர்கள் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இதுவே மறுக்கப் போதுமான காரணம். கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பெட்ஷீட்டுகள் பல 8 அல்லது 10 இன்ச் மெத்தைக்குத் தைத்தவை. நள்ளிரவில் மூலை எகிறும். சரி, ஒரு ஷீட்டை எடுத்துவிடலாமே என்றால், உறை தொளதொளவென்று சுருங்கி அதன் மடிப்பு முதுகில் உறுத்துகிறது. அடுக்கை இடம் மாற்றலாம், வேறு கடினத்தில் இன்னொரு ஷீட் வாங்கிச் செருகலாம். குறைப்பதற்கு இந்த உறை தோதுப்படாது.

உறையும் ஓர் அடுக்குதான் என்பதையும் சொல்லவேண்டும். பஞ்சு வைத்து நெருக்கமாகத் தையல் போட்ட உறை என்றால், சாஃப்ட் ஷீட்டின் இளக்கத்தில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். நீளும் பின்னல் துணி உறையில் லேடெக்ஸின் குணம் அப்படியே தெரிகிறது. ரப்பர் பூச்சுள்ள வாட்டர்ப்ரூஃப் புரோட்டக்டரை இழுத்து மாட்டினாலும் இளக்கம் குறைந்துவிடும். கட்டில் பலகை நடுவில் தொய்ந்திருந்தால் மேலே எத்தனை முறை அடுக்கை மாற்றினாலும் பலனில்லை. முதலில் ஒரு நூலைக் குறுக்கே இழுத்துப் பிடித்து அதைப் பாருங்கள். சட்டங்கள் வைத்த கட்டில் என்றால் இடைவெளி 3 இன்ச்சுக்குள் இருக்கட்டும். முழு பிளைவுட் என்றால் சில துளைகள் போட்டுவிடுவது சென்னைப் புழுக்கத்துக்கு நல்லது.

புழுக்கத்தில் இந்த மெத்தை நன்றாகவே தேறுகிறது. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டில் இளகி, நம்மைச் சுற்றி மூடிக்கொண்டு வேர்க்கவைக்கும், ஏ.சி.யைக் குறைத்து வைத்தால் விறைக்கும். லேடெக்ஸுக்கு அந்தக் குணமாற்றம் இல்லை. அடியிலுள்ள ஸ்பிரிங் இடைவெளிகளில் காற்றும் நகர்கிறது. ஆரம்பத்தில் புது பலூன் பாக்கெட்டைப் பிரித்தால் வரும் வாசனை அறையில் நிற்கும். பலூனும் இதே பாலில்தான் செய்வது. சில வாரங்களில் போய்விடும். போகவில்லையே என்று மொட்டைமாடியில் வெயிலில் மட்டும் போட்டுவிடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தைக்குச் சித்திரை வெயில் மருந்து. லேடெக்ஸ் அதே வெயிலில் மஞ்சளாகி, மேல்தோல் வறண்டு, விரிசல் விட்டு உதிரத் தொடங்கும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டாலே போதும்.

யாருக்கு இது? தனியாளாக, இந்தக் கடினம்தான் எனக்கு வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவருக்குத் தேவையில்லை. ஒட்டிய மெத்தையே ஓரத்தில் உறுதியாக நிற்கும், விலையும் குறையும். இங்கே ஒரு 2 இன்ச் ஷீட்டின் விலைக்கே சாதாரண ஃபோம் மெத்தை ஒன்று வாங்கிவிடலாம். எடையில் பெரிய வித்தியாசமுள்ள இருவர், ஒருக்களித்தே படுக்கும் பழக்கமுள்ள கனமானவர்கள், பிள்ளைப்பேறு, எடைக்குறைப்பு என்று உடம்பு மாறிக்கொண்டிருப்பவர்கள் ஆகியோருக்குக் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைக்கும். எது அமுங்கிப்போனதோ அந்த ஒரு ஷீட்டை மட்டும் சில வருஷம் கழித்து மாற்றலாம் என்பது கூடுதல் லாபம்.

வாங்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியவை சில. ஷீட் ஒவ்வொன்றின் டென்சிட்டி என்ன, இயற்கை லேடெக்ஸா அல்லது செயற்கை ரப்பர் கலந்ததா. ஆர்கானிக் என்று சொன்னால் ஜி.ஓ.எல்.எஸ். சான்று இருக்கிறதா, ஓகோ-டெக்ஸ் சான்று தீங்கான ரசாயனம் இல்லை என்பதைத்தான் சொல்லும், ஆர்கானிக் என்பதை அல்ல. ஒரு ஷீட் ஒத்துவரவில்லை என்றால் அதை மட்டும் மாற்றித் தருவார்களா, போக்குவரத்துச் செலவு யாருடையது. கடைசியாக, உத்தரவாத அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஜிப்பைத் திறந்தால் வாரன்டி செல்லாது என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, அதே மெத்தையை அடுக்கு மாற்றலாம் என்று விளம்பரம் செய்பவர்களும் இருக்கிறார்கள்.